சிறு பட்டறையும் அரசின் கொள்முதலும்



முப்பத்தைந்து ஆண்டுக் காலம் கணக்கும் இலக்கணமும் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு, டெண்டரைப் பற்றிப் பேச என்ன தகுதி இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். நியாயமான ஐயமே. நான் வாணிகம் செய்தவனல்லன்; ஓர் ஆணியைக்கூட விற்றவனல்லன். ஆயினும் இப்பொருளைப் பேச நான் முன்வந்ததற்குக் காரணம், தீர்க்க வேண்டிய ஒரு பழைய கடன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1998-ஆம் ஆண்டில், நான் பணியாற்றிய பள்ளிக்கு அறுபது பெஞ்சுகள் வாங்க வேண்டியிருந்தது. கொள்முதல் குழுவில் நானும் ஒருவன். நிபந்தனைகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. எங்கோ பார்த்த ஒரு படிவத்தை முன்வைத்துக்கொண்டு, "இதே அளவில் மூன்று ஆண்டுகள் சரக்கு அளித்த அனுபவம் உடையவராய் இருத்தல் வேண்டும்" என்று ஒரு வரியை எழுதினேன். எங்கள் பள்ளியின் உடைந்த பெஞ்சுகளை இருபது ஆண்டுகளாகச் செப்பனிட்டு வந்த தச்சர் ஒருவர், தம் மதிப்பீட்டை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். அந்த வரியைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினேன். வெளியூரிலிருந்து பெஞ்சுகள் வந்தன. இரண்டாம் ஆண்டிலேயே அவற்றின் கால்கள் ஆடத் தொடங்கின. அவற்றைச் சரிசெய்ய யாரை அழைத்தோம் என்று நினைக்கிறீர்கள்? அதே தச்சரைத்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உளியை எடுத்துக்கொண்டு வந்து, வேலையை முடித்து, கூலியை வாங்கிக்கொண்டு போனார். அந்த வரியை எழுதிய கை என் கை என்பதை அன்று அவர் அறிந்திருந்தாரோ, இல்லையோ, நான் அறிவேன்.

அத்தச்சரின் மகன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். பின்னர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்பு வேலை கற்று, திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் ஓர் இரும்புப் பட்டறை வைத்தார். ஆறு பேருக்கு அங்கே வேலை. ஈராண்டுகளுக்கு முன் ஒரு மாலை அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். "ஐயா, பட்டறையை மூடிவிடலாமென்று இருக்கிறேன்" என்றார். காரணம் கேட்டேன். பையிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்து வைத்தார். அவை மத்திய அரசு நிறுவனங்களுக்கு அவர் அளித்த ஒப்பந்தப்புள்ளிகளின் தாள்கள். அன்றிரவு தொடங்கி, ஒரு மாணவனைப் போல நானும் அவற்றைப் படிக்கலானேன். அங்கே கற்றதையே இன்று உங்களுக்குச் சொல்ல இருக்கிறேன்.

அரசைப்போல் பெரிய வாடிக்கையாளர் நாட்டில் வேறு எவரும் இல்லை. இரயில்வேக்குத் தண்டவாளமும் வேண்டும், துடைப்பமும் வேண்டும். மருத்துவமனைக்கு மருந்தும் வேண்டும், கட்டிலும் வேண்டும். இவ்வளவும் மக்கள் வரிப்பணத்தால் வாங்கப்படுவது. ஆகையால் அதன் ஒரு பங்கு சிறு தொழில்களுக்கும் சேர வேண்டும் என்னும் எண்ணம் பல நாடுகளில் சட்டமாகியிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1953-இல் சிறு தொழில் சட்டம் இயற்றப்பட்டது. கூட்டரசின் நேர் ஒப்பந்தங்களின் மதிப்பில் நூற்றுக்கு 23 பங்கு சிறு தொழில்களுக்குச் செல்ல வேண்டும் என்பது அங்குச் சட்டம் குறித்த இலக்கு. நம் நாட்டில் தேசியச் சிறுதொழில் கழகம் 1955-இல் தோன்றியது. 2006-இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் வந்தது. அதன் 11-ஆம் பிரிவின்கீழ், 2012-இல் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை பிறந்தது. 2015 ஏப்ரல் முதல் அது கட்டாயமாயிற்று. மத்திய அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் நூற்றுக்கு 20 பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று முதலில் இருந்தது. பின்னர் அது 25 பங்காக உயர்ந்தது. அதனுள் 4 பங்கு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும், 3 பங்கு மகளிர் நடத்தும் நிறுவனங்களுக்கும் உரியவை. மேலும் 358 பொருள்களைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்தே வாங்க வேண்டும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். இரும்புப் பீரோவும் இரும்பு நாற்காலியும் அப்பட்டியலில் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக இவற்றைச் செய்துவந்த என் மாணவருக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த 25 பங்கு என்பது வாங்கும் துறைக்கு விதித்த கடமை; விற்கும் ஒவ்வொருவருக்கும் அளித்த உரிமையன்று. பள்ளியில் இடஒதுக்கீடு இருப்பதால் விண்ணப்பம் போடாதவனுக்கு இடம் கிடைத்துவிடாது அல்லவா? அதுபோல, தகுதியை நிலைநாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பவருக்கே இது பயன்படும்.

தகுதியின் முதற்படி பதிவு. 2020 ஜூலை முதல் இதற்கு உத்யம் பதிவு என்று பெயர். ஆதார் எண்ணும் வருமானவரி நிரந்தரக் கணக்கு எண்ணும், தேவைப்படுவோருக்குச் சரக்கு சேவை வரிப் பதிவும் கொண்டு, அரசின் தளத்தில் நாமே செய்துகொள்ளலாம். கட்டணம் ஒரு காசும் இல்லை. 2025 ஏப்ரல் முதல் உள்ள கணக்குப்படி, இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்கும் ஆண்டு விற்றுமுதல் பத்துக் கோடிக்கும் மேற்படாதது குறு நிறுவனம். முதலீடு 25 கோடிக்கும் விற்றுமுதல் 100 கோடிக்கும் மேற்படாதது சிறு நிறுவனம். முதலீடு, விற்றுமுதல் என்னும் இரண்டு வரம்புக்குள்ளும் இருத்தல் வேண்டும். கொள்முதல் சலுகைகள் இவ்விரு வகைக்கே உரியன; நடுத்தர நிறுவனத்துக்கு இல்லை.

என் மாணவர் பதிவு செய்துதான் இருந்தார். ஆனால் எவ்வாறு? கடைத்தெருவில் கணினி வைத்திருந்த ஒருவரிடம் மூவாயிரம் ரூபாய் கொடுத்து, அவர் நிரப்பியதைப் பாராமலே வாங்கி வந்துவிட்டார். அந்த மனிதர், தொழிலின் தன்மை என்ற இடத்தில் "உற்பத்தி" என்பதற்குப் பதிலாக "வணிகம்" என்று குறித்திருந்தார். இந்த ஒரு சொல் என்ன செய்தது, கேளுங்கள். மத்திய நிறுவனமொன்று தன் விடுதிக்கு 200 இரும்புக் கட்டில்கள் கேட்டிருந்தது. ஒப்பந்தப்புள்ளியுடன் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை 28,000 ரூபாய். குறு, சிறு நிறுவனங்களுக்கு அத்தொகையிலிருந்து விலக்கு உண்டு. ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களும் இலவசம். இவர் விலக்குக் கோரினார். ஆனால் இச்சலுகை தாமே பொருளைச் செய்வோருக்கும் தாமே பணி புரிவோருக்கும் உரியது. வாங்கி விற்போருக்கு இல்லை. சான்றிதழில் வணிகர் என்றிருந்ததால் இவருடைய விலைப்புள்ளியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அனல் தெறிக்கத் தம் கையால் பற்றவைக்கும் மனிதர், காகிதத்தில் வாங்கி விற்பவராகிவிட்டார்! அந்தச் சொல்லை நாங்கள் இருவரும் அமர்ந்து, செலவின்றி, அரை மணி நேரத்தில் திருத்தினோம்.

ஆகவே நான் கூறும் முதற் பாடம் இது: உங்கள் பதிவை நீங்களே செய்யுங்கள், இயலாவிடில், மாவட்டத் தொழில் மையத்துக்குச் சென்று உதவி கேளுங்கள், பிறர் நிரப்பினாலும் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்தபின் பதிவு செய்துகொள்ளலாம் என்று காத்திராதீர்கள். பதிவுக்கு முன் செய்த ஒப்பந்தத்துக்குச் சட்டத்தின் காப்பு கிடைக்காமற் போன வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன.

இரண்டாம் படி, அங்காடிக்குள் நுழைவது. பழைய நாளில் மத்திய அரசுக்குப் பொருள் வாங்கித் தந்த வழங்கல் இயக்ககம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே தொடங்கிய "ஜெம்" என்னும் அரசு மின்னணுச் சந்தையில்தான் இப்போது பெரும்பாலான கொள்முதல் நடக்கிறது. அங்கு விற்பனையாளராகப் பதிவு செய்துகொண்டு, நம் பொருளை உரிய வகையில் பட்டியலிட வேண்டும். அதற்கு வெளியே மத்திய பொதுக் கொள்முதல் தளம் என ஒன்று உண்டு. அங்கே புள்ளி அளிக்க மின்னணுக் கையொப்பம் தேவைப்படும்.

மூன்றாம் படி, நிபந்தனைகளைப் படிப்பது. இதில்தான் ஆசிரியனாகிய எனக்குப் பழகிய வேலை இருந்தது. தேர்வு அறையில் வினாத்தாளை முழுதும் படிக்காமல் விடை எழுதத் தொடங்கும் மாணவரை நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அறிவில்லாமல் தோற்றவர் சிலர். அவசரத்தால் தோற்றவர் பலர். என் மாணவரின் இரண்டாம் முயற்சி அவ்வாறானது. 120 கட்டில்களுக்கான ஒப்பந்தம் அவருக்கே கிடைத்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். பிறகுதான், பொருளைச் சேர்க்க வேண்டிய இடங்கள் நான்கு என்பதையும், அவற்றுள் ஒன்று பிரம்மபுத்திரா ஆற்றுக்கு அப்பால் உள்ளது என்பதையும் கண்டார். ஜெம் தளத்தில் குறிக்கும் விலை, வரியும் வண்டிச் சத்தமும் உள்ளிட்டு, பெறுபவர் வாயிலில் இறக்கிக் கொடுப்பது வரைக்குமான விலை. இவர் சென்னை வரைக்கும் சத்தம் போட்டுக் கணக்கிட்டிருந்தார். பின்வாங்கினால் செயல்திறன் காப்புத்தொகை போய்விடும். தளத்திலிருந்து நீக்கப்படவும் கூடும். இந்தக் காப்புத்தொகைக்கு முன்வைப்புத் தொகைக்குள்ளதுபோல் விலக்கு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 120 கட்டில்களும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தன. நட்டம் 86,000 ரூபாய். மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அதன் பிறகுதான் அவர் என் திண்ணைக்கு வந்தார்.

"படிக்கத் தெரிந்தும் படிக்காமல் போனேன், ஐயா" என்றார். "தம்பி, அந்தப் பிழை உன்னோடு தொடங்கவில்லை, படிக்காமலே ஒரு வரியை எழுதியவனும் உன் எதிரே இருக்கிறான்" என்று சொல்லி, 1998-இன் கதையை அவருக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, ஐயா" என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் நாங்கள் ஒரு முறை வகுத்துக்கொண்டோம். ஒப்பந்தப்புள்ளி ஒன்றை எடுத்தால் முதலில் ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதுவோம். கேட்கும் பொருள் எது, அதற்கு எந்த இந்தியத் தர நிர்ணயம் கோரப்படுகிறது? எங்கே, எத்தனை இடங்களில், எந்த நாளுக்குள் சேர்க்க வேண்டும்? முன் அனுபவமும் விற்றுமுதலும் எவ்வளவு கேட்கிறார்கள், சிறு நிறுவனங்களுக்கு அதில் தளர்வு உண்டா? எந்த எந்தச் சான்றுகளை இணைக்க வேண்டும்? பணம் எப்போது வரும், அதுவரை கூலிக்கும் இரும்புக்கும் கையில் என்ன இருக்கிறது? இந்த ஐந்துக்கும் விடை எழுதாமல் விலை என்ற பேச்சையே எடுப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

மூன்றாம் கேள்வியைப் பற்றி ஒரு சொல். நான் அன்று எழுதிய அந்த அனுபவ வரி இருக்கிறதே, அதற்கு மத்திய அரசின் கொள்கையில் இன்று பரிகாரம் உண்டு. தரமும் தொழில்நுட்ப அளவுகளும் நிறைவேறுமானால், குறு, சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவம், விற்றுமுதல் என்னும் நிபந்தனைகளைத் தளர்த்தலாம். ஆனால் மக்கள் பாதுகாப்பு, உடல்நலம் போன்றவை சார்ந்த பொருள்களில் தளர்த்த மாட்டார்கள்; அது சரியும்கூட. ஆகையால் தளர்வு உண்டா என்பதை அந்தந்த ஆவணத்தில் பார்த்தே அறிய வேண்டும்.

விலையில் ஒரு சலுகை உண்டு. அதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சிறு நிறுவனத்துக்குக் கூடுதல் விலை தருவார்கள் என்று எண்ணுகிறார்கள். அப்படியன்று. மிகக் குறைந்த விலையைச் சொன்னவர் பெரிய நிறுவனத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விலைக்குமேல் நூற்றுக்கு 15 வரையிலான எல்லைக்குள் ஒரு சிறு நிறுவனம் விலை சொல்லியிருந்தால், "அந்தக் குறைந்த விலைக்கு நீர் தருவீரா?" என்று அதனிடம் கேட்பார்கள். இசைந்தால், மொத்தத் தேவையில் 25 பங்கு அதற்கு. பிரித்து வாங்க இயலாத பொருளாயின் முழுவதையும் தரலாம். ஆகவே சலுகை, வாய்ப்பில் இருக்கிறது; விலையில் இல்லை.

எங்கள் மூன்றாம் முயற்சியை இதற்குக் கணக்காகச் சொல்கிறேன். சூரிய ஒளித் தகடுகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் 200 கேட்டிருந்தார்கள். அனுபவத் தளர்வு உண்டு என்று ஆவணத்தில் தெளிவாக இருந்தது. நாகமுலாம் எவ்வளவு தடிப்பு இருக்க வேண்டும் என்பது முதல் எல்லாவற்றையும் படித்தோம். இரும்பு, முலாம், கூலி, மின்சாரம், வரி, சத்தம், காப்புத்தொகை முடங்குவதற்கான வட்டி எல்லாம் சேர்த்துச் சட்டம் ஒன்றுக்கு அடக்கம் 6,150 ரூபாய். 7,000 என்று புள்ளி அளித்தார். பெரிய நிறுவனமொன்றின் விலை 6,400. அதற்குமேல் நூற்றுக்கு 15 என்றால் 7,360. இவர் எல்லைக்குள் இருந்தார். 6,400-க்கு இசைவாரா என்று கேட்டார்கள். ஒன்றுக்கு 250 ரூபாய் நிற்கும் என்று தெரிந்தபின்தான் இசைந்தார். 50 சட்டங்கள் கிடைத்தன. ஆதாயம் 12,500 ரூபாய். பெரிய தொகையன்று, பழைய நட்டத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். ஆயினும் ஆறு பேருக்கு ஒரு மாத வேலை இருந்தது. இனி, "அனுபவம் உண்டா?" என்று கேட்டால் காட்ட ஒரு தாளும் இருக்கிறது. அடக்கம் 6,500 ஆக இருந்திருந்தால், "வேண்டாம்" என்று எழுதியிருப்போம். வேண்டாம் என்று சொல்லக் கற்பதும் தகுதியின் ஒரு பகுதியே.

இறுதியாகப் பணம். அரசுக்கு விற்றவன் பணத்துக்கு அலைவான் என்பது ஊர்ப் பேச்சு. சட்டம் சொல்வது வேறு. குறு, சிறு நிறுவனத்திடம் பொருளை ஏற்றுக்கொண்டவர், எழுத்தில் ஒப்பிய நாளுக்குள் பணம் தர வேண்டும்; அது 45 நாளுக்கு மேற்படலாகாது. எழுத்து இல்லாவிடில் 15 நாள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூடும் கூட்டுவட்டி தர வேண்டும். மாநிலங்களில் இதற்கென வசதியாக்க மன்றங்கள் உள்ளன. 2017-இல் "சமாதான்" என்னும் முறையீட்டுத் தளம் தொடங்கப்பட்டது. எங்கள் ஒப்பந்தத்தில் நாள் கடந்தது. சட்டத்தின் பிரிவைக் குறித்து, பணிவாகவும் தெளிவாகவும் ஒரு கடிதம் வரைந்து கொடுத்தேன். மூன்று வாரத்தில் அசல் வந்தது. வட்டியைக் கேட்கலாம் என்றேன். "மறுபடியும் அவர்களிடந்தானே போக வேண்டும், ஐயா" என்று அவர் மறுத்துவிட்டார். அவர் அச்சத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் எளியவன் நாவில் ஏறுவதற்கும் இடையே இன்னும் தொலைவு இருக்கிறது என்பதை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நேயர்களே, இதைக் கேட்பவர்களுள் பட்டறை நடத்துவோர் இருப்பீர்கள். உங்களுக்கு என் வேண்டுகோள்: சரியான பதிவு, சரியான படிப்பு, சரியான கணக்கு. இம்மூன்றும் இருந்தால் அரசின் வாயில் உங்களுக்கும் திறக்கும். அலுவலகங்களில் அமர்ந்து நிபந்தனைகளை எழுதுவோரும் இருப்பீர்கள். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய படிவத்திலிருந்து ஒரு வரியைப் பார்த்து எழுதுமுன், அந்த வரியால் யார் வெளியே நிற்பார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணாமல் எழுதினேன்.

சென்ற மாதம் அந்தப் பட்டறைக்குப் போயிருந்தேன். சுவரில் அந்த ஐந்து கேள்விகளையும் வண்ண எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். வளையல்களுள் ஒன்று மீண்டுவிட்டது. மற்றொன்று இன்னும் கடையில் இருக்கிறது. எண்பது வயதைக் கடந்த அத்தச்சர் ஒரு மூலையில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்றார். "வேண்டாம், உட்காருங்கள்" என்று சொல்லி, நான் அவர் அருகில் அமர்ந்தேன்.